லவீனாவுக்குத் தமிழ் வராது

என் தங்கை ஜெசிதாவுக்குப் பொய் சொல்ல வராது. சிறு வயதில் குசினியில் சீனியை அள்ளித் தின்றுவிட்டு, வாயைக்கூடத் துடைக்காமல் வந்து நின்று "நான் எடுக்கேல்லை" என்பாள். அப்படிப்பட்டவள் போன யூலையில் ஒரு பொய்யைச் சொல்லி எங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர் முழுவதையும் நம்பவைத்தாள். அது அவளுடைய கெட்டித்தனம் அல்ல. கேட்டவர்கள் எல்லோருக்கும் அது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசை இருந்தது. எனக்கும்தான்.

எங்கள் அப்பா சிமியோன் கடலேரியில் நண்டு வலை போடுகிறவர். அம்மா காலமானபோது ஜெசிதா பள்ளிக்கூடம் முடித்திருக்கவில்லை. மூத்தவள் நான், ஸ்ரெல்லா. வீட்டிலேயே தையல் தைக்கிறேன். கல்யாணம் எனக்குச் சரிவரவில்லை, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஜெசிதாவின் வாயைப் பற்றி. கரைக்கு நண்டு எடுக்க வரும் வியாபாரிகளோடு அப்பா பேரம் பேசினால் அவர்கள் சொன்னதுதான் விலை. ஜெசிதா பேசினால் அவள் சொன்னதுதான் விலை. பாடசாலை விட்டுச் சீருடையோடு கரைக்கு ஓடிவந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மீசை வைத்த ஆம்பிளைகளைத் திணறடிப்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரே அவளைப் பற்றிச் சொல்லும்.

அந்த வாயை நம்பித்தான் கொழும்புத்துறைப் பெடியன் எமில்ராஜ் அவளைக் கட்டினான். அவன் அதிகம் கதைக்கமாட்டான். கட்டாரில் ஏசி திருத்தும் வேலை. மேற்பார்வையாளன் ஆனதும் மனைவியையும் கைக்குழந்தை லவீனாவையும் டோகாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். அங்கே போய்த்தான் ஜெசிதாவின் வாய் அடைத்தது. பாஷை தெரியாத ஊரில் வாய் இருந்து என்ன செய்ய?

போன புதிதில் ஒருநாள் குழந்தைக்குக் காதுவலி. எமில்ராஜ் வேலையில். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவள் தனியாகக் கிளினிக்குக்குப் போனாள். காதுக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். டாக்குத்தர் மிகவும் பொறுமையாக இவளுடைய காதுக்குள் லைற் அடித்துப் பார்த்தாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வட்ஸ்அப்பில் அந்தக் கதையை எனக்குச் சொல்லும்போது அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கேயோ மாறி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். தன் பிள்ளைக்கு இந்த நிலை வரவே கூடாது என்ற வைராக்கியம் அன்றைக்கு அவளுக்குள் இறங்கியது. வைராக்கியம் நல்லதுதான், அளவோடு இருந்தால்.

லவீனாவுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கும் வயது வந்தது. எமில்ராஜுக்கு நம் நாட்டவர்கள் படிப்பிக்கும் பாடசாலை ஒன்றில் சேர்க்க விருப்பம். அங்கேயும் இங்கிலீஷ்தான், ஆனால் தமிழும் ஒரு பாடம். மட்டக்களப்பு, யாழ்ப்பாணப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்தார்கள். ஜெசிதாவின் கண்ணோ வேறொன்றில் இருந்தது. வெள்ளைக்காரர் நடத்தும் சர்வதேசப் பாடசாலை. அவர்களுடைய அடுக்குமாடியில் இருந்த உடுவில் பெண் சிவகௌரியின் பிள்ளைகள் அங்கேதான் போனார்கள். சிவகௌரி முதல் நாள் லிஃப்டில் வைத்து "ஊரிலை எவடம்?" என்று கேட்டாளாம். "குருநகர்" என்றதும் "ஆ" என்றாளாம். வேறொன்றும் சொல்லவில்லை. குருநகர் என்றால் கடற்தொழில் சனத்தின் இடம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அந்த "ஆ" போதும். அந்தப் பெண் ஒரு தீங்கும் நினைத்திருக்கமாட்டாள், நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் தன் பிள்ளை சிவகௌரியின் பிள்ளைகள் ஏறும் பஸ்ஸில்தான் ஏறவேண்டும் என்று என் தங்கை முடிவெடுத்தது அந்த லிஃப்டில்தான்.

நேர்முகத்துக்குப் பிள்ளையைப் பழக்கினாள். போனில் வீடியோக்களைப் போட்டு, பழங்கள், மிருகங்கள், நிறங்கள் எல்லாம் பாடமாக்கினாள். அங்கே படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள், லவீனா சொன்னாள், இடம் கிடைத்தது. அன்றைக்கு ஜெசிதா வீடியோவில் வந்து சீருடையை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். கழுத்துப்பட்டிகூட இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, கடற்தொழிலாளர் சங்கத்துக்குப் போய் எல்லோரிடமும் சொன்னார்.

இனி நான் சொல்லப்போவது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து லவீனா அங்கே வாய் திறக்கவில்லை. கூச்சம், போகப் போகச் சரியாகும் என்றார்கள் ஆசிரியர்கள். சரியாகவில்லை. எழுதச் சொன்னால் எழுதினாள், படம் கீறினாள், சொன்னதெல்லாம் அவளுக்கு விளங்கியது. பேச்சு மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்தால் பழைய லவீனா. தாயிடம் கேட்டுப் பழகிய அச்சொட்டான குருநகர்த் தமிழில் வாயாடுவாள்.

வீட்டில் தமிழ் கதைப்பதால்தான் பள்ளியில் இங்கிலீஷ் வரவில்லை என்று ஜெசிதா கணக்குப் போட்டாள். இனி வீட்டிலும் இங்கிலீஷ்தான் என்று சட்டம் கொண்டுவந்தாள். அவளுக்குத் தெரிந்ததே கொஞ்சம். ஆகவே மூன்று பேரும் சாப்பாடு, குளிப்பு, நித்திரை என்று தெரிந்த சொற்களுக்குள்ளேயே சீவித்தார்கள். பிள்ளை ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் ஜெசிதா ஏசமாட்டாள், அடிக்கமாட்டாள். கட்டில் விளிம்பில் இருந்து அழுவாள். அடித்திருந்தால் பிள்ளை மறந்திருக்கும். கடைசியில் வீட்டிலும் லவீனாவின் பேச்சுக் குறைந்துபோயிற்று, தகப்பனோடு தனியாக இருக்கும்போது மட்டும் இரகசியமாகத் தமிழில் குசுகுசுப்பாள்.

படிப்பு வருடம் முடியும்போது பள்ளிக்கூடம் பெற்றோரைக் கூப்பிட்டது. பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் இப்படியே மேல்வகுப்புக்கு அனுப்பமுடியாது, அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கட்டும் அல்லது அவளுக்குப் பொருந்தும் வேறு பாடசாலை பாருங்கள், யூலை முடியமுதல் பதில் சொல்லுங்கள் என்றார்கள். எமில்ராஜ் அன்றைக்கே மற்றப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவோம் என்றான். ஜெசிதா சம்மதிக்கவில்லை. மாற்றினால் சிவகௌரிக்குத் தெரியும், குருநகருக்குத் தெரியும், சங்கத்தில் அப்பாவின் முகம் என்ன ஆகும்? ஊருக்குப் போய்வந்து முடிவு சொல்வதாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். எமில்ராஜுக்கு லீவு இல்லை.

எங்கள் கோயில் திருநாளுக்கு முன்னரே வந்து இறங்கினார்கள். முற்றத்தில் அயல் முழுவதும் நின்றது. ஆளாளுக்குப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, பெயர் என்ன, எத்தனையாம் வகுப்பு, அம்மப்பா ஆர் என்று கேட்டார்கள். பிள்ளை ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் ஜெசிதாவின் வாயிலிருந்து அது விழுந்தது.

"அவவுக்குத் தமிழ் வராது. இங்கிலீஷ் மட்டும்தான்."

எங்கள் ஆட்களை நான் என்ன சொல்ல? ஒரு பிள்ளைக்குப் பார்வை குறைவென்றால் பாவம் என்பார்கள். காது கேட்பது குறைவென்றால் பாவம் என்பார்கள். தமிழ் வராதென்றால் கதிரை எடுத்துப் போடுவார்கள். அன்றைக்கும் போட்டார்கள். லவீனா அதில் ராணி மாதிரி இருந்தாள், நாங்கள் சுற்றி நின்று அவளுடைய மௌனத்தை ரசித்தோம். ஆட்கள் போனபிறகு ஜெசிதா பிள்ளையைக் குளியலறைக்குள் கூட்டிப்போனாள். குளிக்க வார்க்கிறாள் என்று நினைத்தேன். இங்கே ஒருவர் முன்னாலும் தமிழ் கதைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கத்தான் போயிருக்கிறாள். இங்கிலீஷ் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது. தமிழையும் அன்றைக்குப் பூட்டினாள்.

அப்பா பாடுதான் பாவம். பேத்தியோடு கதைக்க வேண்டும் என்று என்னிடம் இங்கிலீஷ் கேட்டார். எனக்கே தையலுக்கு வேண்டியதுக்கு மேல் தெரியாது. 'கம்', 'ஈற்', 'குட்' என்று சொல்லிக்கொடுத்தேன். விடிய வலை கழற்றி வந்ததும் 'கம், கம்' என்று பிள்ளையைக் கூட்டிப்போய்க் கூடைக்கு முன்னால் இருத்துவார். நண்டைத் திருப்பிப் பிடித்து ஆண் எது, பெண் எது என்று காட்டுவார். பெண் நண்டின் சினையை விளக்க வயிற்றைத் தள்ளிக்கொண்டு கர்ப்பிணி மாதிரி நடந்து காட்டுவார். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சத்தமே இல்லாமல் சிரிக்கும். சத்தமில்லாமல் சிரிக்கும் பிள்ளையை அப்போதுதான் கண்டேன். வெளிநாட்டுப் பழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன், என் அறிவு அவ்வளவுதான்.

அப்பா சந்தோசத்தில் சும்மா இருக்கவில்லை. திருநாள் பூசையில் மக்கள் மன்றாட்டு வாசிக்கும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளில் ஒன்றை இங்கிலீஷில் ஒரு மன்றாட்டு வாசிக்க விடுவது எங்கள் பங்கில் வழக்கம். பூசை பேஸ்புக்கில் நேரடியாகப் போகும், பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்து சனம் பார்க்கும். அப்பா நேரே பங்குச் சுவாமியிடம் போய், கடற்தொழிலாளருக்கான மன்றாட்டை என் பேத்திக்குத் தாருங்கள் என்று கேட்டுவிட்டார். சுவாமிக்கும் விருப்பம். சங்கத்து ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொன்னார்.

ஜெசிதா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிள்ளைக்குத் தொண்டை சரியில்லை என்றாள். பூசைக்கு இன்னும் நாள் கிடக்கு என்று அப்பா மல்லியும் வேர்க்கொம்பும் வாங்கிவந்து தானே அவித்துக் கொடுத்தார். ஒரு நோவும் இல்லாத தொண்டையோடு லவீனா அதை முகம் சுளித்துக் குடித்தாள். நான் வெள்ளைச் சட்டை தைத்தேன், கழுத்துக்கு ரேந்தை வைத்து. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெசிதா பிள்ளையைப் பழக்கினாள். வெளியே எங்களுக்குக் கேட்டது ஜெசிதாவின் குரல் மட்டும்தான். அந்த நாட்களில் என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் அவளுக்குத் தாய் மாதிரி. சொல்லியிருந்தால் நானே சுவாமியிடம் ஓடியிருப்பேன். அவள் சொல்லவில்லை, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

திருநாளன்று கோயில் நிறைந்து வெளியிலும் சனம். அப்பா முன்வரிசையில், ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு. கட்டாரிலிருந்து வந்திருக்கும் செல்வி லவீனா என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சட்டை கசங்காமல் பிள்ளை படியேறிப் போனாள். மைக் எட்டாது என்று ஒரு சின்ன முக்காலி வைத்திருந்தார்கள். ஏறி நின்றாள். கையில் தாள் இருந்தது. வாய் திறக்கவில்லை.

சுவாமி சிரித்துத் தலையாட்டி உற்சாகப்படுத்தினார். அப்பா இருந்த இடத்திலிருந்தே 'குட், குட்' என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளை தாளைப் பார்த்தபடியே நின்றாள். அந்த நேரம் எனக்கு ஓடிப்போய்த் தூக்கவேண்டும் போல இருந்தது. ஜெசிதா எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். அத்தனை சனத்துக்கு முன்னால், முகம் முழுவதும் கண்ணீரோடு, படியேறிப் பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள்.

லவீனா தாயின் முகத்தைப் பார்த்தாள். மைக் திறந்திருந்தது அந்தப் பிள்ளைக்கு நினைவில் இல்லை. தாய்க்கு மட்டும் கேட்கவேண்டும் என்று மிகவும் மெல்லச் சொன்னாள். கோயிலுக்கும் தெருவுக்கும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் அது கேட்டது.

"அழாதேங்கோ அம்மா. நான் ஒரு பிழையும் விடேல்லை. நான் ஒண்டுமே கதைக்கேல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட என் தங்கை தாங்கியிருப்பாள். எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி ஒருத்தி, குத்தலே இல்லாமல், உண்மையான ஆச்சரியத்தோடு, "நல்ல தமிழ்தானே கதைக்குது பிள்ளை" என்றாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சுவாமி கெட்டிக்காரர். உடனே கடற்தொழிலாளருக்காகத் தானே தமிழில் மன்றாடினார், சனமும் பதில் சொன்னது. ஜெசிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாசலால் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நானும் அப்பாவும் வந்தபோது அவள் நடு வீட்டில் நின்றுகொண்டிருந்தாள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கதை, வீட்டுச் சட்டம், குளியலறையில் சொல்லிக்கொடுத்தது, எல்லாவற்றையும் நின்றபடியே, எங்கள் முகத்தைப் பாராமல் சொன்னாள். கரையில் ஒருகாலத்தில் வியாபாரிகளைத் திணறடித்தவள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். தனக்குச் செத்துப்போகலாம் போல வெட்கமாக இருக்கிறது என்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஏசுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அப்பா கதைத்தார். மகளைப் பார்த்து அல்ல, தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு.

"வந்த நாள் துவக்கம் நான் என்ரை பேத்தியோடை கையாலை கதைச்சுக்கொண்டு திரிஞ்சன், மோள். அவவுக்கு நான் சொன்னதெல்லாம் விளங்கிக்கொண்டுதான் இருந்திருக்குது, என்ன?"

ஜெசிதா "ஓம் அப்பா" என்றாள். வேறென்ன சொல்வாள்? அப்பா சேட்டைக் கழற்றி உடுப்புப் போடும் அசவில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அவர் கோபித்திருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது.

பிறகு எமில்ராஜ் வீடியோவில் வந்தான். பூசையை நேரடியாகப் பார்த்திருக்கிறான், வேலைத்தளத்தில் மற்றப் பெடியன்களோடு சேர்ந்து. அவன் ஏசவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லும் நாள் வந்துவிட்டது, என்ன சொல்ல என்று மட்டும் கேட்டான். ஜெசிதா சுவரோடு சாய்ந்தாள்.

"என்னைக் கேளாதேங்கோ. நான் தெரிவு செய்தது போதும். அவவைக் கேளுங்கோ."

போனைப் பிள்ளையிடம் கொடுத்தாள். லவீனா அந்த வெள்ளைச் சட்டையோடு நிலத்தில் கால் மடித்துச் சப்பாணி கட்டி இருந்தாள். எமில்ராஜ் மகளுக்கு இரண்டு பள்ளிக்கூடங்களையும் ஆறுதலாக விளங்கப்படுத்தினான். பழைய இடத்தில் அதே வகுப்பு, அதே ரீச்சர். புதிய இடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள், தமிழ் கதைக்கலாம், இங்கிலீஷும் கதைக்கலாம். உங்களுக்கு எது விருப்பமோ அதுதான், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றான். நான் மனதுக்குள் நேர்ந்துகொண்டேன், பிள்ளை இரண்டாவதைச் சொல்லவேண்டும் என்று. சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், இரவைக்கு நண்டுக்கறி வைக்கலாம் என்று நினைத்தேன்.

பிள்ளை முதலில் தாயைப் பார்த்தாள். தமிழில் சொல்லலாமா என்று கேட்கும் பார்வை அது. ஜெசிதா தலையாட்டினாள். லவீனா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"கதைக்கத் தேவையில்லாத பள்ளிக்கூடம் ஏதும் இருக்கா, அப்பா?"

ஜெசிதா மெல்ல வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். பிள்ளை திரும்பித் தாயின் கண்கள் ஈரமா என்று பார்த்தாள். ஜெசிதா அழவில்லை. அழாமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.